ஒரு பக்கம் மட்டும் பூட்டிய போர்ட்

"நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்" என்று புகார் வந்தால், நெட்வொர்க் வேலை பார்ப்பவர் முதலில் பிங் அடித்துப் பார்ப்பார். பதில் ஒரு மில்லி நொடிக்குள் வரும். பெரும்பாலும் ஒரு பாக்கெட்கூடத் தொலைந்திருக்காது. ஸ்விட்ச்சில் விளக்கு பச்சையாக மின்னும். "நம்ம பக்கம் ஒண்ணுமில்லை, சர்வரைப் பாருங்க" என்று புகாரைத் தள்ளிவிடுவார். சர்வர்காரர் அப்ளிகேஷன்காரரைக் கைகாட்டுவார், அவர் டேட்டாபேஸைச் சொல்வார். கடைசியில் யாராவது சர்வரை ரீபூட் செய்வார்கள். அந்த நேரத்தில் எல்லாரும் வெளியேறியிருப்பதால் கொஞ்ச நேரம் வேலை பறக்கும்; புகாரை மூடிவிடுவார்கள். மறுநாள் காலை கூட்டம் ஏறியதும் அதே புகார் திரும்ப வரும். இப்படி ஆளை ஆள் சுற்றவைக்கும் கோளாறுகளில் ஒன்று டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச். கேபிளின் இரு முனைகளும் சேர்ந்து எடுக்க வேண்டிய ஒரு முடிவை ஒரு முனை மட்டும் தனியாக எடுத்துவிடுவதுதான் இதற்கு அனேகமாக எப்போதும் காரணம். அப்படி எடுப்பதைக் கவனமான நிர்வாகம் என்று நம் தொழிலில் பல வருடங்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாடம் இன்று காலாவதியானது என்பதே என் வாதம்.

ஈதர்நெட் பிறந்த கதையிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் யோசித்த அமைப்பில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. பேசுவதற்கு முன் கேள். யாரும் பேசவில்லையென்றால் பேசு. பேசும்போதே இன்னொருவர் குரல் கேட்டால் மோதல் நடந்துவிட்டது என்று நிறுத்து. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி முயற்சி செய். இதுதான் ஹாஃப் டூப்ளெக்ஸ். 1990இல் முறுக்கு ஜோடிக் கம்பிகளில் ஓடும் 10பேஸ்-டி தரநிலை வந்தபோது அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி என்று பாதை தனித்தனியாகப் பிரிந்தது. ஹப் போய் ஸ்விட்ச் வந்ததும் ஒரு போர்ட்டில் ஒரே கருவி என்றாகிவிட்டது. அதன் பிறகு மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், வாங்கலாம். இந்த ஃபுல் டூப்ளெக்ஸை 802.3எக்ஸ் தரநிலை 1997இல் முறைப்படுத்தியது.

ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப் என்று நின்றால் என்ன ஆகும்? இரட்டைத் தண்டவாளம் போட்ட இரண்டு ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தண்டவாளம் இரண்டு என்று தெரியும். நேரம் வந்ததும் வண்டியை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மற்றவர் இருப்பது ஒற்றைத் தடம்தான் என்று நம்புகிறார். எதிரே வண்டி வருவதைப் பார்த்ததும் பதறிப்போய்த் தன் வண்டியை நடுவழியிலேயே கவிழ்த்துவிடுகிறார். உண்மையில் எந்த வண்டியும் எந்த வண்டி மீதும் மோதவில்லை. டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்சில் நடப்பதும் இதேதான். கம்பியில் மோதல் கிடையாது. ஹாஃப் முனை, தான் அனுப்பும்போது எதிரிலிருந்து சிக்னல் வந்தால் அதை மோதல் என்று எண்ணிக்கொண்டு, அனுப்பிக்கொண்டிருந்த ஃப்ரேமைப் பாதியில் வெட்டுகிறது. ஃபுல் முனைக்கு அந்த அறுந்த துண்டு வந்து சேர்கிறது. செக்சம் பொருந்தாததால் அதைத் தூக்கி எறிகிறது.

இந்த நிலைக்கு ஒரு லிங்க் எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 100 மெகாபிட் ஈதர்நெட்டை வரையறுத்த 802.3யு தரநிலை 1995இல் ஆட்டோ நெகோஷியேஷனையும் சேர்த்தே கொண்டுவந்தது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் என்வே என்ற முறை அதற்கு அடிப்படை. லிங்க் ஏறும் முன் இரு முனைகளும் சுமார் 16 மில்லி நொடிக்கு ஒருமுறை சிறு துடிப்புக் கொத்துகளை அனுப்பி, "எனக்கு 10 தெரியும், 100 தெரியும், ஃபுல் தெரியும்" என்று தங்கள் திறன்களை அறிவிக்கின்றன. இருவருக்கும் பொதுவாக உள்ளவற்றில் உயர்ந்தது எதுவோ அதில் நின்றுகொள்கின்றன. இப்போது ஒரு முனையில் யாரோ ஆட்டோவை அணைத்து, 100 ஃபுல் என்று ஃபிக்ஸ் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முனை பேச்சுவார்த்தைத் துடிப்புகளை அனுப்பாது. நேரடியாக 100 மெகாபிட் சிக்னலை அனுப்பத் தொடங்கும். ஆட்டோவில் இருக்கும் மறுமுனை சிக்னலின் வடிவத்தை வைத்து வேகம் 100 என்று கண்டுகொள்ளும். ஆனால் எதிராளி ஃபுல்லா ஹாஃபா என்பதை சிக்னலைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. அந்த இடத்தில் ஹாஃப் என்று எடுத்துக்கொள் என்கிறது தரநிலை. இது தரநிலையின் முட்டாள்தனம் என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நியாயமில்லை. 1995இல் பேச்சுவார்த்தை தெரியாத கருவி என்றால் அது பழைய ஹப்பாகவோ பழைய கார்டாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அங்கே ஃபுல் என்று எண்ணிக்கொண்டு இஷ்டத்துக்கு அனுப்பினால் அந்த ஹப்பில் தொங்கும் எல்லாக் கணினிகளும் பாதிக்கப்படும். ஹாஃப் என்பது எச்சரிக்கையான யூகம். யூகிக்க வேண்டிய நிலைக்கு அதைத் தள்ளியவர், ஒரு பக்கத்தை மட்டும் பூட்டியவர்.

பிங் ஏன் இதைக் காட்டுவதில்லை? பிங் என்பது ஒருவர் கேட்டு முடித்த பிறகே மற்றவர் பதில் சொல்லும் பேச்சு. கேள்வி முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகே பதில் புறப்படுகிறது. வேறு போக்குவரத்து இல்லாத லிங்க்கில் இரண்டும் ஒரே நேரத்தில் கம்பியில் இருக்கவே முடியாது. ஆகவே கவிழ வேண்டிய அவசியமும் வராது. டிசிபி வழியாக ஒரு பெரிய கோப்பு போகும்போது நிலைமை வேறு. தரவு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே கிடைத்தது கிடைத்தது என்ற ஒப்புதல்கள் எதிர்ப்பக்கம் வந்துகொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,518 பைட் உள்ள முழு ஃப்ரேம் ஒன்றை 100 மெகாபிட்டில் அனுப்ப சுமார் 121 மைக்ரோ நொடி ஆகும். மோதல் நடப்பதென்றால் முதல் 64 பைட்டுக்குள், அதாவது 5.12 மைக்ரோ நொடிக்குள் நடந்துவிட வேண்டும் என்பது ஈதர்நெட்டின் விதி. அதற்குள் நடந்தால் கார்டே சிறிது பொறுத்துத் திரும்ப அனுப்பிவிடும். அதிகபட்சம் 16 முயற்சி. அதற்குப் பிறகு வருவது லேட் கொலிஷன். பெரும்பாலான கார்டுகள் அந்த ஃப்ரேமைக் கைவிட்டுவிடும். ஒப்புதல் எந்தக் கணத்திலும் வரலாம் என்பதால், ஒரு முழு ஃப்ரேமின் நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு நேரம் இந்த ஆபத்தான பகுதியில் விழுகிறது. கைவிடப்பட்ட ஃப்ரேமை டிசிபிதான் மறுபடி அனுப்பியாக வேண்டும். அடுத்தடுத்த பாக்கெட்டுகளின் ஒப்புதலிலிருந்து இழப்பை அது சீக்கிரமே உணர்ந்தால் பிழைத்தது. இல்லையென்றால் காத்திருப்புக் கெடு முடியும்வரை சும்மா இருக்கும். லினக்ஸில் அந்தக் கெடு குறைந்தது 200 மில்லி நொடி. அந்த நேரத்தில் சுமார் 1,600 முழு ஃப்ரேம்களை அனுப்பியிருக்கலாம். இரு முனைகளும் ஒழுங்காக 10 மெகாபிட்டில் நின்றிருந்தால்கூட இந்தத் திக்கித் திணறும் 100 மெகாபிட்டை விட வேகமாக வேலை நடந்திருக்கும் என்று சில சமயம் சொல்வது இதனால்தான்.

ஆக, இந்தக் கோளாறு சுமை ஏறும்போது மட்டும் முகம் காட்டும். ரீபூட் செய்ததும் சரியானது போலத் தெரிவதன் மர்மமும் இதுவே. இரு முனைகளிலும் அது விட்டுச்செல்லும் தடயம் வேறு வேறு என்பது அடுத்த சிக்கல். ஹாஃப் முனையின் கவுன்ட்டரில் கொலிஷனும் லேட் கொலிஷனும் ஏறும். ஃபுல் முனையில் கொலிஷன் என்ற பேச்சே இருக்காது. அங்கே செக்சம் பொருந்தாததைக் குறிக்கும் சிஆர்சி பிழைகளும் ரன்ட் எனப்படும் குறைத்துண்டு ஃப்ரேம்களும் ஏறும். ஒரு முனையை மட்டும் பார்ப்பவர் தப்பாகப் போவது இங்கேதான். சிஆர்சி பிழையைப் பார்த்தவர் கேபிள் கெட்டுவிட்டது என்று பேட்ச் கார்டை மாற்றுவார், பிறகு புதிதாகக் கிரிம்ப் செய்வார், பிறகு போர்ட்டையே மாற்றுவார். புதுப் போர்ட் ஆட்டோவில் இருந்து, பழைய போர்ட் ஃபிக்ஸ் செய்யப்பட்டிருந்தது என்றால், மாற்றியதும் குணமாகிவிடும். கேபிள் மீதும் பழைய போர்ட் மீதும் வீண்பழி நிற்கும். கேபிள் கெட்டிருந்தால் சிஆர்சி மட்டும் ஏறும், சுமை குறைவாக இருக்கும்போதும் சொட்டுச் சொட்டாக ஏறும்; மறுமுனையில் லேட் கொலிஷன் இருக்காது. ஒரு பக்கம் லேட் கொலிஷன், மறுபக்கம் சிஆர்சி, இரண்டும் சுமையோடு சேர்ந்து ஏறுகின்றன என்றால் வேறு சாட்சி தேவையில்லை. கவுன்ட்டரில் ஏதோ ஓர் எண் இருப்பதே குற்றம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது போன வருடத்துக் கணக்காக இருக்கலாம். பூஜ்யமாக்கிவிட்டு, வேலை நடக்கும் நேரத்தில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். அனுபவசாலிகள் முதலில் சொல்வது, ஆட்டோவை நம்ப முடியாது, முக்கியமான சர்வர் போர்ட்டுகளையாவது பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது. இது ஒரு காலத்தின் நேர்மையான பாடம். 1995 தரநிலையில் ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயமாக இல்லை. அதன் சில பகுதிகளை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்ள இடமிருந்தது. ஆட்டோவில் விட்ட கார்டும் ஸ்விட்ச்சும் ஒத்துப்போகாத ஜோடிகள் அன்று நிஜமாகவே இருந்தன. இரண்டையும் பூட்டுவதுதான் அன்றைய மருந்து. 1998 பதிப்பு அந்தக் குழப்பங்களைத் தெளிவாக்கியது. 1999இல் வந்த 1000பேஸ்-டியில், செம்புக் கம்பியில் ஓடும் கிகாபிட்டுக்கு ஆட்டோ கட்டாயமாகவே ஆகிவிட்டது. அங்கே எந்த முனை கடிகாரத் துடிப்பைக் கொடுப்பது, எது பின்தொடர்வது என்பதையே பேச்சுவார்த்தை வழியாகத்தான் முடிவு செய்கிறார்கள். நோய் தீர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம், "இந்தப் போர்ட்டை எதற்காகப் பூட்டினீர்கள்?" என்று கேட்டால் அனேகமாக வரும் பதில், "முதலிலிருந்தே அப்படித்தான் இருக்கு".

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூட்டினால் என்ன கெட்டுவிடும்? ஒன்றும் கெடாது, பூட்டிய அன்று. ஆனால் போர்ட்டுகள் பூட்டிய நிலையிலேயே தொடர்ந்து இருப்பதில்லை. சர்வரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவார்கள். டிரைவர் புதிதாக ஏறி ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். ஸ்விட்ச் பழுதாகி ராத்திரியோடு ராத்திரியாக மாற்றுக் கருவி வரும். அதில் பழைய கான்ஃபிகரேஷன் முழுதாக ஏறியிருக்காது. ஒருவர் கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துப் போர்ட்டில் செருகுவார். இரு பக்கமும் ஆட்டோ என்றால் இவற்றில் எதுவும் பிசகை உண்டாக்காது. இரு பக்கமும் பூட்டு என்றால் ஒவ்வொன்றும் பிசகுக்கான சந்தர்ப்பம். ஒரு முனை ஸ்விட்ச் குழுவின் கையிலும் மறுமுனை சர்வர் குழுவின் கையிலும் இருக்கும் அலுவலகத்தில் இந்த ஒப்பந்தத்தை யார் காப்பாற்றுவது? எக்செல் தாளில் எழுதி வைத்திருக்கிறோம் என்பார்கள். அந்தத் தாளைக் கடைசியாக யார் திருத்தினார் என்று கேட்டுப் பாருங்கள்.

கிகாபிட் காலத்தில் இது செத்துப்போன பிரச்சினை என்பது மூன்றாவது. பாதி உண்மை. கிகாபிட்டில் ஹாஃப் டூப்ளெக்ஸ் தரநிலையின் தாளில் இருந்ததே தவிர, நடைமுறையில் யாரும் அதைச் சீண்டவில்லை. 10 கிகாபிட்டில் அது கிடையவே கிடையாது. ஆனால் நெட்வொர்க் என்பது டேட்டா சென்டர் மட்டுமில்லையே. கண்காணிப்பு கேமராக்கள், பிரின்டர்கள், ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள், ஃபைபரைச் செம்புக் கம்பியாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர்கள் இவற்றில் 100 மெகாபிட் இன்னும் உயிரோடு இருக்கிறது. பல கன்வர்ட்டர்களின் வயிற்றுப்பக்கம் இருக்கும் குட்டி டிப் ஸ்விட்ச்சை யாரும் பார்ப்பதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, லீஸ்டு லைன் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் முனையை 100 ஃபுல் என்று பூட்டிக் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதில் நம்முடைய புத்தம்புது கிகாபிட் போர்ட்டைச் செருகினால் அது 100 ஹாஃபுக்கு இறங்கி நிற்கும். சில புதிய ஸ்விட்ச் போர்ட்டுகளில் ஹாஃப் டூப்ளெக்ஸே கிடையாது. அங்கே லிங்க்கே ஏறாமல் போகலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஏறாத லிங்க்கைப் பத்து நிமிடத்தில் யாராவது கவனித்துவிடுவார்கள்.

வேகப் பொருத்தமின்மையிலும் இதே கணக்குத்தான். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 100 என்று பூட்டினால் லிங்க் ஒழுங்காக வேலை செய்யாது, உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பது வேறொன்று. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும்: 1-2, 3-6. கிகாபிட்டுக்கு 4-5, 7-8 உட்பட நான்கு ஜோடியும் வேண்டும். பல வருடம் 100 மெகாபிட்டில் குறையில்லாமல் ஓடிய கேபிளில் 7-8 கிரிம்பிங்கில் விட்டுப்போயிருந்தால் அது வெளியே தெரிந்திருக்காது. மீதமுள்ள இரண்டு ஜோடியில் இன்னொரு பாயின்ட் இழுத்துக்கொண்ட கெட்டிக்காரர்களும் உண்டு. அங்கே கிகாபிட் கருவிகளை மாட்டும்போது பேச்சுவார்த்தை வெற்றியாக முடியும், ஏனென்றால் அது நடப்பது நல்ல ஜோடிகளில்தான். ஆனால் கிகாபிட் ஏறாது. பல கார்டுகள் சில முறை முயன்றுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் 100க்கு இறங்கிவிடும். ஆட்டோவுக்கு ஆதரவாக இவ்வளவு பேசியவன் இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: ஆட்டோ இரு முனைகளின் திறனைக் கேட்டறியும், நடுவில் உள்ள கம்பியின் தரத்தை அது சோதிப்பதில்லை. ஆனால் அதற்கு மருந்து 1000 என்று அடித்துப் பூட்டுவது இல்லை. கேபிளை நான்கு ஜோடிக்கும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதே. வரவேண்டிய வேகம் எது, வந்திருக்கும் வேகம் எது என்று ஒரு பட்டியலை ஒப்பிட்டால் இந்த இறங்கிய போர்ட்டுகள் எல்லாம் தாமாகவே வெளியே வந்துவிடும்.

கண்டுபிடிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சிஸ்கோ ஸ்விட்ச்சில் போர்ட்டுகளின் நிலைப் பட்டியலை எடுத்தால் ஃபுல், ஏ-ஃபுல், ஹாஃப், ஏ-ஹாஃப் என்று வரும். முன்னால் வரும் 'ஏ' அது ஆட்டோவில் முடிவானது என்பதற்கான குறி. ஏ-100, ஏ-ஹாஃப் என்று ஒரு போர்ட் சொன்னால், பிழைக் கவுன்ட்டரைப் பார்க்கும் முன்பே மறுமுனையைச் சந்தேகிக்கலாம். இன்றைய இரண்டு கருவிகள் பேசி முடிவெடுத்தால் ஹாஃபில் வந்து நிற்காது. ஒன்று, மறுமுனையில் பழைய ஹப் அல்லது ஹாஃப் மட்டுமே தெரிந்த ஏதோ கருவி இருக்க வேண்டும்; இல்லையென்றால் யாரோ பூட்டியிருக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் எத்டூல் கட்டளை இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டும். எதிர்முனை அறிவித்த திறன்கள் என்ன, எதிர்முனை ஆட்டோவில் இருக்கிறதா என்ற விவரமே அதில் வரும். லிங்க் ஏறிய கணத்திலேயே எதிராளி பேசவில்லை என்பது ஹாஃப் முனைக்குத் தெரியும். நாம் கேட்கத்தான் மறந்துவிடுகிறோம். சிஸ்கோ கருவிகள் இரண்டு நேருக்கு நேர் இருந்தால் சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான சிடிபி வழியாக டூப்ளெக்ஸை ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று லாக்கில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த லாக்கைப் படிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். பல நிறுவனக் கருவிகள் கலந்திருக்கும் இடத்தில் 2005இல் வந்த பொதுத் தரநிலையான எல்எல்டிபி இதே செய்தியைத் தாங்கி வரும். சர்வர்களிலும் அதை ஓடவிடலாம். இரு முனைக் கருவிகளிலும் கை வைக்க அனுமதியில்லாத இடங்களும் உண்டு. அதற்காகவே ஸ்தானிஸ்லாவ் ஷலூனோவும் ரிச்சர்ட் கார்ல்சனும் 2005இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். தரவு ஓட்டத்தில் பாக்கெட்டுகள் தொலையும் விதத்திலிருந்தே, ஸ்விட்ச்சைத் தொடாமல், டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்சை ஊகித்தறிய முடியும் என்று அதில் காட்டினார்கள். நம் அளவில் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவியை இரு திசையிலும் ஓட்டிப் பார்த்தால் போதும். ஒரு திசையில் ஓரளவு வேகம், மறுதிசையில் நொண்டி, இரு திசையும் சேர்ந்தால் படு நொண்டி என்றால் அடுத்து பார்க்க வேண்டியது டூப்ளெக்ஸ்.

தடுப்புக்கு நான் சொல்லும் விதி எளியது. செம்புக் கம்பியில் உள்ள எல்லாப் போர்ட்டும் ஆட்டோ. விதிவிலக்கு வேண்டுமென்பவர் காரணத்தை எழுத வேண்டும். ஏதோ ஒரு கருவியை 100க்கு மேல் விடக்கூடாது என்ற தேவை வந்தாலும் ஆட்டோவை அணைக்க வேண்டியதில்லை. ஆட்டோவை விட்டுவைத்து, 100 ஃபுல் ஒன்றை மட்டும் அறிவிக்கச் சொல்லலாம். எத்டூலிலும் பெரும்பாலான நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்சுகளிலும் அதற்கு வழி உண்டு. அப்போது மறுமுனை யூகிக்க வேண்டியதில்லை, ஃபுல் என்று கேட்டறிந்து நிற்கும். பூட்டுவதால் கிடைக்கும் என்று சொல்லும் பலன் முழுவதும் இதில் கிடைக்கிறது, அதன் ஆபத்து ஒன்றும் இல்லை. பூட்டியே தீருவோம் என்று லீஸ்டு லைன் நிறுவனம் பிடிவாதம் பிடித்தால் நம் முனையையும் அதேபோல் பூட்டிவிட்டு, போர்ட்டின் விவரக்குறிப்பில் காரணத்தையும் தேதியையும் எழுதிவையுங்கள். கருவி மாறும் ஒவ்வொரு முறையும் இரு முனையையும் பாருங்கள். ஆனால் அதற்கு முன், ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே "எங்கள் பக்கப் போர்ட் ஆட்டோவில் இருக்கும், உங்கள் பக்கமும் ஆட்டோவில் வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லைன் ஓடத் தொடங்கிய பிறகு அந்த ஒரு வரியை வாங்குவது மிகவும் கஷ்டம்.